திரைச்சீலையோடு ஓடியவன் சம்பந்திக்கு எழுதிய விளக்கம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

கண்ணாடிக்கடைக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குறிப்பாக, துணைவியாரின் தலை சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட பிரார்த்தனை. அவர்கள்மேல் விழுந்த திரைச்சீலைக் கம்பி அலுமினியம்தான், இரும்பு இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். 'சம்பந்தி' என்று எழுதியதற்கும் மன்னிக்க வேண்டும். இன்னும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகாமலே போய்விடுமோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தாங்கள் குடும்பத்தோடு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்ததும், நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு நான் வரவேற்பறைத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியதும் தங்களுக்கு நினைவிருக்கும். இடைப்பட்ட நாற்பது நிமிடங்களில் தாங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்று புதன்கிழமை. மூன்று நாட்களாக என் மகள் என்னோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னை வைத்துக்கொண்டே அவள் அம்மாவிடம், "அந்த ஹால்ல உக்காந்திருக்கிறவர்கிட்ட சொல்லிடுங்க" என்கிறாள். நான் ஹாலில் உட்கார்ந்திருப்பவன் ஆகிவிட்டேன், சம்பந்தி.

முதலில் ஒரு விஷயம். மாப்பிள்ளையின் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நான் மகளிடம் கேட்கத்தான் செய்தேன். அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "டிவியில இருந்தாருப்பா, ரிட்டயர் ஆயிட்டாரு" என்றாள். "டிவின்னா, ரிப்பேரா?" என்று கேட்டேன். "ஆமாப்பா, அந்த மாதிரிதான்" என்றாள். அதனால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர் வருகிறார், நம் வீட்டுப் பெட்டியில் அடிக்கடி வரும் பச்சைக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம் என்று சந்தோஷமாகக் காத்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தாங்கள் வாசலில் நின்று, இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகக் கூப்பி, அந்தக் குரலில், "வணக்கம்" என்றீர்கள். நாற்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்தக் குரல், அந்தக் கை, அந்தச் சிரிப்பு. முடி மட்டும் வெளுத்திருந்தது. நான் அப்படியே திரும்பிச் சமையலறைக்குள் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க இது? வந்தவங்களை வாசல்ல விட்டுட்டு இங்க வந்து குழாயைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"அவருதான்" என்றேன்.

"எவரு?"

"அவரேதான்."

"சம்பந்திதான். பின்ன வேற யாரு வருவா? முகத்தைத் தொடச்சிக்கிட்டு வாங்க."

தங்களுக்கு இப்போது அந்தப் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. காய்ச்சல் என்பதால் பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் ஒன்றரை மணி. மருந்து வாங்கப் போன அம்மா, எனக்குத் துணைக்கு இருக்கட்டும் என்று தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் போனாள். துணைக்கு! அதில் தாங்கள் செய்தி வாசித்துக்கொண்டிருந்தீர்கள். அணைகளின் நீர்மட்டம், எங்கோ ஒரு பாலம் திறப்பு, வானிலை எல்லாம் வாசித்து முடித்து, "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன, வணக்கம்" என்று கைகூப்பிச் சிரித்தீர்கள். வழக்கமாக அந்த இடத்தில் படம் மாறி இசை வரும். அன்றைக்கு மாறவில்லை. தாங்கள் கூப்பிய கையோடும் சிரித்த முகத்தோடும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். தாங்களும் பார்த்தீர்கள். நான் கட்டிலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்தேன். அங்கேயும் பார்த்தீர்கள். தாங்கள் இமைக்கவே இல்லை. சாதாரண மனிதன் நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைப்பான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் கண் சம்பந்தப்பட்ட தொழிலுக்கு வந்ததே அதைத் தெரிந்துகொள்ளத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? ஒருவேளை பதில் வணக்கத்துக்காகக் காத்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள். நான் கட்டிலிலிருந்து இறங்கி, நேராக நின்று, கைகூப்பி, "வணக்கம் சார்" என்றேன். சொன்னேனோ இல்லையோ, தாங்கள் சிரித்த முகம் மாறாமல், கூப்பிய கை பிரியாமல், மெல்ல மெல்ல மேசைக்குக் கீழே இறங்க ஆரம்பித்தீர்கள். முதலில் கை மறைந்தது. அப்புறம் மோவாய். அப்புறம் மூக்கு. கடைசியில் கண்கள் மட்டும் மேசை விளிம்பில் ஒரு கணம் தங்கி என்னைப் பார்த்துவிட்டு, அவையும் போய்விட்டன. வெறும் மேசை மட்டும் இருந்தது. மேசைக்குக் கீழே போனவர் அடுத்து எங்கே வருவார்? பெட்டிக்குப் பின்பக்கமாகத்தானே? அம்மா மருந்தோடு வந்தபோது நான் துணி அலமாரிக்குள் அவளுடைய புடவைகளுக்கு நடுவே மடிந்து கிடந்தேன். நடந்ததைச் சொன்னேன். "காய்ச்சல்ல உளர்றான்" என்று இரண்டு மாத்திரையாகக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் விசாரித்தேன். அந்த நேரத்துக்கு எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார்கள். ஆக, உலகத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று முடிவாயிற்று.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். தாங்கள் நேராகப் பார்க்க முடியாத இடமாகத் தேடி, புத்தக அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தாங்கள் மரியாதை தெரிந்தவர், என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தீர்கள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தாங்கள் நாற்காலியையே தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள். மூன்றாவது முறை நான் இடம் மாறியபோது தங்கள் துணைவியார், "அவருக்கு மூலம் ஏதாவது இருக்கா?" என்று என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. தாங்கள், "கண்ணாடிக் கடை எப்படிப் போகிறது?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் குரலில் கேட்டபோது, அடுத்ததாக நகரில் ஒரு கண்ணாடிக் கடை தீப்பிடித்ததைப் பற்றிய விவரம் வரப்போகிறது என்றே எனக்குப் பட்டது. "அணைஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்கு அர்த்தம் இதுதான்.

பேச்சு வறண்டு போனதும் தங்கள் துணைவியார்தான் நல்லெண்ணத்தோடு போன வாரம் பார்த்த பேய்ப்படத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள். அதிலிருந்து, யார் யார் எந்தக் காட்சியைப் பார்த்து அதிகமாகப் பயந்தார்கள் என்று பேச்சு வளர்ந்தது. பிஸ்கட் தட்டு காலியானதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. துணைவியார் தன் இளம் வயதில் பார்த்த ஒரு படத்தில், சுவரில் மாட்டிய போட்டோக்களில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பினார்களாம். "அன்னியிலேருந்து சுவத்துல போட்டோவே மாட்ட விடமாட்டேன். எங்க கல்யாணப் போட்டோ பீரோவுக்குள்ளதான் இருக்கு. குப்புற" என்றார்கள். என் மனைவிக்கு ஒரு தொடர். அதில் வீட்டில் தனியாக இருக்கும் பெண் தொலைபேசியை எடுக்கிறாள், எதிர்முனையில் அவளுடைய குரலே, "வந்துக்கிட்டே இருக்கேன், கதவைத் திறந்து வை" என்கிறது. 'தொடரும்' என்று போட்டுவிட்டான். "மறுநாள் கரண்ட் இல்ல. வந்தது யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பேய்ன்னு தெரிஞ்சாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். என் மகளைப் பயமுறுத்தியது ஒரு கேரட். சிறுவர் நிகழ்ச்சியில் எண் சொல்லிக்கொடுக்கும் துணிப் பொம்மை. ஏழு வந்ததும் தலையை ஒரு முழுச் சுற்று சுற்றுமாம். "இப்பவும் பேஷன்ட்டுக்கு எக்சர்சைஸ் எண்ணும்போது ஆறுக்கு அப்புறம் நேரா எட்டுக்குப் போயிடுவேன்" என்று உடற்பயிற்சி சிகிச்சை செய்கிற பெண் சொல்கிறாள், கேட்டுக்கொள்ளுங்கள். தங்கள் மகன், லிஃப்ட் மெக்கானிக், இல்லாத ஒரு மாடியில் லிஃப்ட் போய் நிற்கிற படத்தைச் சொன்னார். "நான் ஒவ்வொரு பில்டிங்லயும் பட்டனை எண்ணிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன். கம்பெனியில சேஃப்டி செக்குன்னு நினைச்சுப் பாராட்டிட்டாங்க" என்றார். மாப்பிள்ளை மேல் எனக்கு அந்த இடத்தில் பாசம் வந்துவிட்டது.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு தாங்கள் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எது சம்பந்தி?" என்று கேட்டீர்கள். எனக்கா, பயமா, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி என்னைக் காட்டிக்கொடுத்தாள். "ஐயோ, அவருக்கு நியூஸ்னா பயம்! கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாச்சு, எங்க வீட்டுல நியூஸை முடியிற வரைக்கும் பாத்ததே இல்ல. வாசிக்கிறவங்க கையைத் தூக்குறதுக்குள்ள சேனலை மாத்திடுவாரு. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டாரு." தாங்கள் கடகடவென்று சிரித்தீர்கள். "நான் முப்பது வருஷம் அந்த வேலைதான் பாத்தேன்! இதுல பயப்பட என்ன இருக்கு? இருங்க, நான் காட்டறேன். பயம் தெளிஞ்சிடும்" என்று எழுந்தீர்கள். தாங்கள் நல்லது செய்யத்தான் எழுந்தீர்கள், அதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகமில்லை. ஆனால் மேசைக்குப் பதிலாக சோபாவுக்குப் பின்னால் போய் நின்றீர்கள் பாருங்கள், அப்போதே நான் நாற்காலியை ஜன்னல் பக்கமாக நகர்த்திக்கொண்டேன். "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன. வணக்கம்." கையைக் கூப்பினீர்கள். சிரித்தீர்கள். எனக்குப் பயம் தெளியட்டும் என்று அப்படியே நிதானமாக நின்றீர்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கள் சட்டைப் பையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தீர்கள். முதலில் கை மறைந்தது. அப்புறம் மோவாய்.

மூக்கு மறைவதற்கு நான் காத்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தது திரைச்சீலை. அதற்குப் பின்னால் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். போன வேகத்தில் கம்பி, கொக்கி, சுவரிலிருந்து ஒரு கை அகலக் காரை எல்லாம் சேர்ந்து வந்தன. கம்பியின் ஒரு முனை துணைவியாரின் கொண்டையில் பட்டது. "அம்மா!" என்று அவர்கள் அலறியதும், ஏதோ வந்துவிட்டது என்று எனக்கு ஊர்ஜிதமாயிற்று. திரைச்சீலைக்குள்ளிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. கால் போன திசையில் ஓடினேன். வாசல் கதவு திறந்திருந்தது என் அதிர்ஷ்டம். எங்கள் மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது என் துரதிர்ஷ்டம். உள்ளே புகுந்து கைக்குக் கிடைத்த பட்டனை அழுத்தினேன். நான் உள்ளே, திரைச்சீலையில் முக்கால்வாசி வெளியே. கதவு அதை வைத்துக்கொண்டே மூடியது. லிஃப்ட் அரை மாடி இறங்கி, துணி இழுபட்டு, ஒரு உறுமலோடு நின்றுவிட்டது.

மேலே, கதவிடுக்கு வழியாக, மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமா, பயப்படாதீங்க. எந்தப் பட்டனையும் தொடாதீங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க." இதே மாதிரி லிஃப்டில் சிக்கிக்கொண்ட என் மகளிடம் ஒன்றரை மணி நேரம் இடுக்கு வழியாகப் பேசித்தான் இவர் அவள் மனதில் இடம் பிடித்தார். எனக்கே பத்து நிமிடத்தில் மனது இளகிவிட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய குரலும் கேட்டது: "அவசரப்பட்டு எடுக்காதீங்க. உள்ளயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை மோட்டார் அறைச் சாவி தேடி மாடிக்குப் போன பிறகு, படிக்கட்டில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. தாங்கள்தான். அப்போது தாங்கள் சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "சம்பந்தி, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு. என்னோடதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, என் வீட்டுக்காரி கிட்டகூட. வேலையில சேர்ந்து மூணாவது நாள். வர்ற வழியில மழை, பேன்ட் தொப்பலா நனைஞ்சிடுச்சு. இடுப்புக்கு மேலதானே தெரியப்போகுதுன்னு பேன்ட்டைக் காயப்போட்டுட்டு, துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்து வாசிச்சேன். வணக்கம் சொன்னதும் கேமரா மேல இருக்கிற சிவப்பு விளக்கு அணையணும். அணையல. கன்ட்ரோல் ரூம்ல இருக்கிறவன் எங்கயோ போயிட்டான். விளக்கு எரியிற வரைக்கும் அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. எழுந்தா துண்டு. சிரிச்சுக்கிட்டே எவ்வளவு நேரம்தான் இருக்கிறது? அப்படியே மேஜைக்குக் கீழ இறங்கி, தவழ்ந்து வெளிய போயிட்டேன். எல்லாரும் பேயைப் பாத்து பயப்படறாங்க. எனக்கு இன்னிக்கும் சிவப்பு விளக்கைப் பாத்தா வேர்க்கும். மத்தியான நேரம், யாரும் பாத்திருக்க மாட்டாங்க, பாத்திருந்தா ஒரு லெட்டராவது வந்திருக்கும்னு சொல்லிச் சொல்லியே நாப்பத்திரண்டு வருஷத்தை ஓட்டிட்டேன்."

சம்பந்தி, அந்த நிமிடம் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. காய்ச்சலில் உளறினேன் என்று அம்மா சொன்னதையே கடைசியில் நானும் பாதி நம்பியிருந்தேன். நடந்தது நிஜம்! "நான் பார்த்தேன் சார்! ஒன்பது வயசு எனக்கு. பதில் வணக்கம்கூடச் சொன்னேன்!" என்று இடுக்கைப் பார்த்துக் கத்தினேன்.

படியில் வேகமாகச் செருப்புச் சத்தம் ஏறிப் போனது; சற்றைக்கெல்லாம் இரண்டு ஜோடிச் செருப்புகள் தடதடவென்று இறங்கிப் போயின. கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை என்னை வெளியே எடுத்தபோது தாங்களும் துணைவியாரும் போய்விட்டிருந்தீர்கள். தலையில் அடிபட்ட கோபத்தில் துணைவியார் தங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்துகொண்டேன். நான் அவர்களுடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பைத்தியக்காரன் வீட்டில் பெண் எடுப்பதா என்று அவர்கள் நினைத்தால் தப்பே இல்லை. ஆனால் தப்பு என்னுடையது. என் மகளுடையது அல்ல. நேற்று காலை அவள் என் மாத்திரை டப்பாவை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, அவள் அம்மாவிடம், "நான் அவரைத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன், அதையும் ஹால்ல இருக்கிறவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லும்போது குரல் சரியாக இல்லை. அதற்கு மேல் என்னால் ஹாலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கடைக்குப் போய், வந்தவர் ஒருவருக்கு இரண்டு கண்ணுக்கும் கண்ணாடியை மாற்றி மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

துணைவியாரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: எனக்கு முற்றிலும் குணமாகிவிட்டது. சும்மா சொல்லவில்லை, முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை சமையலறையில் நின்று செய்தியின் சத்தத்தை மட்டும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து ஒரு தடித்த கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு, வாசிப்பவர் ஒரு கலங்கிய மஞ்சள் உருண்டையாகத் தெரியும்படி பார்த்தேன். இன்று மத்தியானம் வெறும் கண்ணோடு பார்த்தேன். ஒரு இளம் பெண். முடியும்போது வணக்கம் சொன்னாள். நான் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னேன். ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. அவ்வளவுதான், சம்பந்தி! இத்தனை வருடங்களாக இதற்குத்தானா ஓடினேன் என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாங்கள் குடும்பத்தோடு மறுபடியும் வர வேண்டும். வாசலில் தாங்கள் எவ்வளவு நேரம் கைகூப்பி நின்றாலும் நான் நகரமாட்டேன். கல்யாணத் தேதியைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம்.

சின்னவர்கள் இருவரும் நூறு வருடம் ஒருவரையொருவர் பயமுறுத்தாமல் வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். துணைவியாருக்கு என் மன்னிப்பையும், அவர்களுடைய கொண்டைக்கு என் மனைவியின் விசாரிப்பையும் சேர்ப்பிக்கவும்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கண்ணாடிக்கடைக்காரன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். லிஃப்டைச் சரிபார்க்க இப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். அம்மாவுக்குக் கோபம் தணிந்ததா என்று கேட்டேன். "அம்மாவுக்கு என்ன கோபம்? அவங்க சிரிச்சுச் சிரிச்சு விலா வலியில படுத்திருக்காங்க. அப்பாதான் மூணு நாளா ரூமை விட்டு வெளிய வரல. அன்னிக்கும் அவருதான் அம்மாவை இழுத்துக்கிட்டு ஓடினாரு. ஏன்னு கேட்டா, 'அந்தக் கண்ணாடிக்காரரு என்னைப் பாத்துட்டாருடா'ன்னு மட்டும் சொல்றாரு" என்கிறார். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படுகிறார் என்பதே எனக்குப் புது அனுபவம், சம்பந்தி. என்ன செய்வதென்று தெரியவில்லை. எனவே மேலே எழுதியதைத் தாங்கள் படிக்க வேண்டாம், குறிப்பாக மேசை விளிம்பில் கண்கள் தங்கிய இடத்தை. இந்த வேண்டுகோள் கடைசியில் இருப்பதால் தாமதமாகத்தான் கிடைக்கும் என்பதும் புரிகிறது. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்: துண்டு தெரியவில்லை. கண்ணைச் சோதிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன் சொல்கிறேன், ஒரு நூல்கூடத் தெரியவில்லை. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டாம்; நானே அங்கே வருகிறேன். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். தாங்களும் அப்படியே திரும்பி நின்று கதவைத் திறந்தால் போதும். தேதியை முதுகுகள் இரண்டும் பேசி முடிவுசெய்யட்டும். முகத்தைக் கல்யாணத்தன்று பார்த்துக்கொள்ளலாம்.